ஊதல் கேத்தல்

பள்ளி ஆண்டு மலர் என்றதும் கல்வியின் பெருமை, தாய்மொழியின் சிறப்பு, விளையாட்டின் பயன் ஆகியவற்றைப் பற்றியே தலைமையாசிரியர் எழுதுவார் என்று பெற்றோர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. அவற்றைப் பற்றியெல்லாம் சென்ற ஆண்டுகளில் எழுதியாயிற்று. இவ்வாண்டு உங்களை அடுப்பங்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே அடுப்பின்மீது அமர்ந்து, நீர் கொதித்ததும் கூவி அழைக்கும் கேத்தலைப் பற்றிச் சில செய்திகளைக் கூறுவதே என் நோக்கம். இஃது ஒரு சிறு பொருளாயிற்றே என்று எவரும் இகழ வேண்டா. நம் பள்ளி மாணவி ஒருத்தியின் காலைப்பொழுது இப்பொருளோடு எவ்வாறு பிணைந்திருந்தது என்பதையும் இடையிற் சொல்வேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். கேத்தல் என்பாரும் கெட்டில் என்பாரும் நம்மிடையே உளர். மலாய் மொழியில் இதனைச் செரெக் என்பர். மூக்குடைய கலத்தைக் குறிக்கக் கெண்டி என்னும் நல்ல சொல் தமிழில் உண்டு. ஆயினும் வீட்டில் வாய்க்கு வந்து பழகிய சொல்லையே இங்கு ஆள்கிறேன். மூக்கின் நுனியில் இருக்கும் விசிலை, விளையாட்டுத் திடலில் நம் மாணவர்கள் நன்கறிந்த ‘ஊதல்’ என்னும் சொல்லால் குறிப்பிடுவேன்.

தோட்டத்து லயன்களில் விறகடுப்பு எரிந்த காலத்தில் ஊதல் உடைய கேத்தல் தேவைப்படவில்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு முன்னரே எழுந்து, பால்மரம் வெட்டப் போகும் அன்னையர், அடுப்பின் முன்னேயே குந்தியிருப்பர். விறகைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். குழலால் ஊதித் தீயை எழுப்ப வேண்டும். புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பை விட்டு அகல இயலாதவருக்கு அழைப்பொலி எதற்கு? கோப்பிக்கு நீர் கொதிப்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். ஒருவேளை மறந்து வெளியே சென்றாலும், விறகு தானே எரிந்து அடங்கிவிடும். எரிவாயு அடுப்பு வந்த பின்னரே நிலைமை மாறியது. அதனைப் பற்றவைத்தால் போதும். தள்ளவும் வேண்டா, ஊதவும் வேண்டா. அதனால் நாம் அடுப்பை விட்டு அகலக் கற்றுக்கொண்டோம். ஆனால் 14 கிலோ எரிவாயுத் தோம்பு தன்னால் அணைவதில்லை. நாம் திருகும் வரையில் அஃது எரிந்துகொண்டே இருக்கும். ஊதலின் தேவை இங்கேதான் பிறந்தது.

ஊதலைக் கழற்றி நோக்கினால் அதன் அமைப்பு மிக எளியது. சிறு இடைவெளி விட்டு அமைந்த இரு தகடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை, அவ்வளவே. கேத்தலில் பிறக்கும் நீராவி முதல் துளை வழியே தாரையாகப் பாய்ந்து, இடையிலுள்ள சிற்றறையைக் கடந்து, இரண்டாம் துளை வழியே வெளியேறுகிறது. இவ்வளவு எளிய பொருள் ஏன் கூவுகிறது என்பது நெடுங்காலம் அறிஞர்க்கே தெளிவாக விளங்காதிருந்தது. இங்கிலாந்தின் பெரும் இயற்பியல் அறிஞர் ரேலி பிரபு 1877ஆம் ஆண்டு வெளியிடத் தொடங்கிய ஒலியியல் நூலிலேயே இவ்வகை ஊதலைப் பற்றி ஆராய்ந்திருந்தார். ஆயினும் முழுமையான விளக்கம் 2013ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ் ஹென்றிவுட், அனுராக் அகர்வால் என்னும் இருவர் அதனை அளந்து கண்டு எழுதினர். நீராவி மெல்ல வரும் தொடக்க நிலையில், வெற்றுப் புட்டியின் வாயில் ஊதினால் எழுவதை ஒத்த ஒலி எழுகிறது. ஆவியின் வேகம் மிகும்போது, தாரை அலைபாய்ந்து, இரண்டாம் துளையைக் கடக்கையில் சிறு சிறு சுழல்களாக உடைகிறது. அச்சுழல்களே அலறலை எழுப்புகின்றன. அப்போது ஒலியின் உயர்வு தாழ்வை உறுதி செய்வது கேத்தல் மூக்கின் நீளமும் வடிவமும் ஆகும். நாதசுரத்தின் குழல் நீண்டால் ஒலி தாழ்வதைப் போல, மூக்கு நீண்டால் ஒலி தாழும். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் வேண்டியிருக்கும்.

இனி ஒரு கணக்கு. ஆறாம் ஆண்டு மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம். நம் வீட்டுக் குழாய்நீரின் வெப்பம் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் எனக் கொள்வோம். 1 லிட்டர் நீரை அதிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த 72 கிலோகலோரி வெப்பம் வேண்டும். கொதித்துவிட்ட அதே நீரை முற்றிலும் ஆவியாக்கிவிடவோ 540 கிலோகலோரி வேண்டும். அஃதாவது ஏழரை மடங்கு. எனவே, 1 லிட்டர் நீர் 8 நிமிடத்தில் கொதிக்குமானால், அதே தீயில் அது முழுவதும் வற்றுவதற்கு 60 நிமிடம் பிடிக்கும். சுற்றுப்புறத்திற்கு இழக்கும் வெப்பத்தைச் சேர்த்தால் இன்னும் சற்று நேரம் ஆகலாம்.

அந்த ஒரு மணி நேரம் நமக்குக் கிடைக்கும் தவணை. நீர் உள்ளவரையில் கேத்தலின் அடிப்பகுதி 100 பாகையை மிக அதிகமாகக் கடந்து செல்லாது. நீர் அதனைக் காக்கிறது. நீர் வற்றிய மறுகணமே காவல் நீங்குகிறது. கைப்பிடி இளகும் அல்லது கருகும். அலுமினியம் உருகுவதற்கு 660 பாகை போதும். எரிவாயுச் சுடரின் வெப்பமோ அதனினும் மிகுதி. பலகைச் சுவர் அடுப்பை ஒட்டியிருக்கும் பழைய லயத்து வீட்டில் அதன்பின் என்ன நிகழும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இக்கணக்கிலிருந்து நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. ஊதாத ஊதல் கேத்தல், ஊதலே இல்லாத கேத்தலைவிடக் கேடானது. ஊதல் இல்லாததை அடுப்பில் வைத்தவர் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். ஊதல் உள்ளதை வைத்தவர் பார்க்க மாட்டார். அது கூப்பிடும் என்று நம்பித் துணி துவைக்கப் போய்விடுவார். அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும் வழிகள் பல. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் ஆவி பக்கவாட்டில் கசிந்து போகும். ஊதலுக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காது. ஊதலின் துளை அடைபட்டாலும் அப்படியே. நீரை மூக்கின் வாய்மட்டம் வரை நிரப்பினால், ஆவிக்குப் பதில் வெந்நீர் தெறித்து வரும். ஊதல் கூவாமல் களகளவென்று கொப்பளிக்கும். மாலை வேளையில் தகரக்கூரைமீது பெருமழை பெய்யும்போது, எவ்வளவு நன்றாக ஊதினாலும் அடுத்த அறைக்குக் கேட்காது. இவையனைத்தும் கேத்தலைச் சார்ந்தவை, சூழலைச் சார்ந்தவை. கேட்கும் செவியைச் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. அதனை எனக்கு உணர்த்தியவள் நான்காம் ஆண்டில் பயிலும் ஒரு சிறுமி.

அச்சிறுமி நன்றாகப் படிப்பவள். ஆனால் வாரத்தில் மூன்று நாளாவது காலை வரிசை கலைந்த பின்னரே பள்ளிக்கு வந்து சேர்வாள். வகுப்பாசிரியை பலமுறை கேட்டும் தலைகுனிந்து நிற்பாளேயன்றி விடை சொல்வதில்லை. ஒருநாள் அவளை என் அறைக்கு அழைத்து அமரச் செய்து, பொறுமையாக வினவினேன்.

“ஐயா, கேத்தல் ஊதுற வரைக்கும் நான் வீட்டுல இருக்கணும்,” என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று மாலையே அவள் வீட்டிற்குச் சென்றேன். தாய் விடியற்காலை 5 மணிக்கே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் போய்விடுகிறார். வீட்டில் பாட்டியும் பேத்தியும்தான். பாட்டி கேத்தலை அடுப்பில் ஏற்றிவிட்டு, வீட்டின் பின்புறம் ஆடுகளுக்குத் தழை போடச் செல்வார். முன்பு ஒருமுறை கேத்தல் ஊதியது அவர் காதில் விழவில்லை. நீர் வற்றி, கைப்பிடி உருகி, அடுப்பங்கரை முழுதும் புகை சூழ்ந்துவிட்டது. அண்டை வீட்டார் ஓடி வந்து அடுப்பை அணைத்தனர். அதன் பிறகு தாயார் இரவுச் சந்தையில் புதுக் கேத்தல் ஒன்று வாங்கி வந்தார். கூடவே மகளுக்கு ஒரு கட்டளையும் இட்டார். கேத்தல் ஊதும் வரையில் அவள் காத்திருந்து, பாட்டியை அழைத்து வந்து, அடுப்பு அணைந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே பள்ளிக்குப் புறப்பட வேண்டும். அத்தாயின்மீது குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு அது பெரிய காவற்பணி என்பது மட்டும் தெரிந்தது. கொதிக்கும் கேத்தலைத் தானே இறக்க முயலாமல் பாட்டியை அழைக்கிறாளே என்று மகிழ்ந்தேன்.

நான் அங்கிருக்கையிலேயே அந்தக் கேத்தல் ஊதியது. கீச்சென்று செவியைத் துளைக்கும் ஒலி. பாட்டியோ என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். பேத்தி அவர் தோளைத் தொட்ட பின்னரே எழுந்தார். ஆனால் பின்புறத்தில் ஆடு கனைத்தபோது மட்டும் உடனே திரும்பிப் பார்த்தார்.

“அம்மா, ஆட்டுச் சத்தம் கேட்குதா?” என்றேன்.

“அது கேக்காம என்ன வாத்தியாரய்யா? லாரி வந்தாக்கூட கேக்குது. இந்தச் சனியன் கத்துறதுதான் கேக்க மாட்டேங்குது,” என்றார்.

முதுமையில் செவிப்புலன் குறையும்போது எல்லா ஒலிகளும் ஒரே அளவில் மங்குவதில்லை. கீச்சென்று உயர்ந்தெழும் ஒலிகளே முதலில் மறைகின்றன. தாழ்ந்த ஒலிகள் நெடுநாள் நிலைத்திருக்கின்றன. குழந்தைகளின் பேச்சு முதியோர்க்கு எளிதில் கேட்பதில்லை என்பதற்கும் இஃதொரு காரணம். ஆகவே அந்தப் பாட்டிக்கு வேண்டியது இன்னும் உரக்கக் கூவும் கேத்தல் அன்று. இன்னும் தாழ்ந்த குரலில் கூவும் கேத்தல்.

கேத்தலின் குரலை எண்ணிப் பார்த்தவர்கள் உலகில் இல்லாமலில்லை. ஜெர்மானிய வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பர் என்பவர் 1983ஆம் ஆண்டில் இத்தாலியின் அலெசி நிறுவனத்திற்கு ஒரு கேத்தலை அமைத்துக் கொடுத்தார். அதன் ஊதலில் இரு பித்தளைக் குழல்கள். இரண்டும் இரு வேறு சுரங்களில் இணைந்து ஒலிக்கும். ரைன் ஆற்றில் செல்லும் படகுகளின் ஊதொலியை நினைவூட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். 1985ஆம் ஆண்டில் அதே நிறுவனத்திற்கு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ், மூக்கு நுனியில் ஒரு சிவப்புப் பறவை அமர்ந்து பாடும் கேத்தலை வடிவமைத்தார். இவை செல்வர் வீட்டுப் பொருள்கள். நம் சிற்றூர்க் கடைகளில் கிடைப்பவை அல்ல. நம் கடையில் கிடைப்பவற்றுள் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே நமக்கு வேண்டுவது.

நம் ஆசிரியர் அறைக்குக் கேத்தல் வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொருளாளரும் நானும் பட்டணத்துப் பாத்திரக் கடைக்குச் சென்றிருந்தோம். கடையில் ஏழெட்டு வகைகள் இருந்தன. பொருளாளர் மினுமினுப்பானதைக் கையில் எடுத்தார். நான் முதலில் மூடியைச் சோதித்தேன். மூடி இறுகப் பொருந்த வேண்டும். கவிழ்த்தாலும் விழக் கூடாது. மூடியில் ஆவி போகத் துளை இருந்தால் அந்தக் கேத்தலை வைத்துவிடலாம். ஊதல் வழியன்றி வேறு வழி ஆவிக்கு இருத்தல் ஆகாது. மூடியின் வாய் உள்ளே கைவிட்டுத் தேய்க்கும் அளவு அகன்றிருப்பதும் முதன்மையானது. கை நுழையாத கேத்தலின் உட்புறம் எந்நாளும் தூய்மையாகாது.

அடுத்தது கைப்பிடி. கடைக்காரத் தவுக்கேயிடம் சொல்லி, நீர் நிரப்பி ஊற்றிப் பார்த்தோம். அவர் சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை. நீர் நிறைந்த கேத்தலைச் சாய்க்கும்போது விரல்கள் மூக்கிற்கு நேர்மேலே வருமானால், கொதிநீரை ஊற்றுகையில் ஆவி விரல்களைச் சுடும். கைப்பிடி பின்னோக்கி வளைந்திருப்பதே நன்று. சிலவற்றில் ஊதலைக் கையால் பற்றிக் கழற்றிய பின்னரே நீரை ஊற்ற முடியும். அது கொப்புளத்திற்கு வழி. கைப்பிடியிலுள்ள நெம்பை விரலால் அழுத்தினால் ஊதல்மூடி தானே திறக்கும் வகை உண்டு. அதனையே நான் பரிந்துரைப்பேன். கனத்தையும் கருத வேண்டும். 3 லிட்டர் கேத்தலை நிரப்பினால் நீர் மட்டுமே 3 கிலோ. கேத்தலின் எடையும் சேர்ந்தால் நான்கை நெருங்கும். முதியோர் தூக்கும் எடை அன்று அது.

உலோகத்தைப் பற்றி நம் பெண்மணிகள் பலவாறு சொல்வர். அலுமினியம் இலகுவானது, விலை குறைந்தது. எவர்சில்வரைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆனால் எளிதில் நசுங்கும். புளிப்பும் காரமும் அதற்கு ஆகா. எனாமல் பூசிய மங்குக் கேத்தல் அழகுதான். ஓரிடத்தில் பூச்சுப் பெயர்ந்தால் அங்கே துருப்பிடிக்கத் தொடங்கும். செம்பின் உட்புறம் வெள்ளீயம் பூசப்பட்டிருக்கும். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகுவதால், ஒருமுறை நீர் வற்றினால் பூச்சுப் போய்விடும். நாள்தோறும் புழங்கும் வீட்டிற்கு எவர்சில்வரே ஏற்றது என்பது என் முடிவு. அதன் குறை, வெப்பத்தை மெல்லக் கடத்துவது. அதனால்தான் நல்லவற்றின் அடியில் அலுமினியத் தகடு ஒன்றை நடுவில் வைத்து அடுக்காகச் செய்கின்றனர். அடி தடித்து, கனமாக இருப்பதைக் கொண்டு அறியலாம். மின்தூண்டல் அடுப்பு வைத்திருப்போர் கையோடு ஒரு காந்தத்தை எடுத்துச் செல்லட்டும். அடியில் காந்தம் ஒட்டாத கேத்தல் அவ்வடுப்பில் சூடேறாது. நம் அறிவியல் அறையில் காந்தங்கள் உள்ளன. கேட்டால் ஒருநாளைக்குத் தருவேன், திருப்பித் தர வேண்டும்.

கடைசியாகக் குரல். கடையின் பின்புறத்தில் தவுக்கே தமக்குத் தேநீர் காய்ச்ச ஓர் அடுப்பு வைத்திருந்தார். அதில் இரண்டு கேத்தல்களைக் கொதிக்கவைத்துக் காட்ட இசைந்தார். குட்டை மூக்குடையது கீச்சிட்டது. நீண்ட மூக்குடையதோ, தொலைவில் செல்லும் கப்பலின் ஊதொலிபோல் தாழ்ந்து ஒலித்தது. அதன் குரல் காதுக்கு இதமாக இருந்ததால் அதையே வாங்கினோம். அன்று நாங்கள் கருதியது ஆசிரியர்களின் வசதியை மட்டுமே.

சிறுமியின் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் அந்தக் கேத்தல் என் நினைவுக்கு வந்தது. மறுநாள் சங்கத்தின் தலைவரிடமும் பொருளாளரிடமும் கலந்து பேசினேன். மின்கேத்தல் ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. மின்கேத்தலில் ஆவி பட்டதும் வளையும் ஈருலோகத் தகடு மின்னோட்டத்தைத் தானே துண்டித்துவிடும். அழைத்து அழைத்து ஓயாமல் வேலையையே முடித்துவிடும். பல வீடுகளுக்கு அதுவே சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வீட்டின் அடுப்பங்கரையில் இருந்த ஒரே மின்செருகியைச் சுற்றிக் கருகல் படிந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். அதில் கேத்தலைச் செருகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மின்கம்பிகளைச் சீர் செய்வது தனி வேலை; அதற்கும் சொல்லி வைத்தோம்.

ஆகவே கேத்தல்களை மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. பள்ளியின் கேத்தல் அங்கே செல்லும்; அங்குள்ள கேத்தல் இங்கே வரும். இலவசமாக ஒன்றைக் கொடுத்தால் அந்தப் பாட்டி ஏற்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். “எங்கள் ஆசிரியர்களுக்கு நல்ல காது, உங்களுக்கு நல்ல குரல் வேண்டும், மாற்றிக்கொள்வோம்,” என்று சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். அங்கேயே 5 குவளை நீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினோம். பாட்டி வேண்டுமென்றே பின்புறம் போய் ஆட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டார். கேத்தல் ஊதத் தொடங்கியதும் அங்கிருந்து குரல் வந்தது:

“யாரு வீட்டுக் கன்னுக்குட்டி கத்துது?”

பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். கேத்தல் பெரியது ஆகையால் 5 குவளைக்கு மேல் ஊற்ற வேண்டா என்று பாட்டியிடம் சொன்னேன். பாதியளவு நீரிலும் ஊதல் குறைவின்றி ஒலிக்கும், தூக்குவதும் எளிது. மழை நாளில் மட்டும் அடுப்பை விட்டுப் போகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஒரு வாரம் தாயார் விடுப்பில் இருந்தபோது சோதித்துப் பார்த்து, பின்னர் மகளின் காவற்பணியை நீக்கினார்.

இனிப் பராமரிப்பு. கேத்தலை வாங்குவதைவிடப் பேணுவதிலேயே அதன் குரல் நிலைக்கிறது. இரவில் நீரைத் தேக்கி வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மிஞ்சியதைக் கொட்டி, மூடியைத் திறந்து உலரவிட வேண்டும். முதல்நாள் நீரின்மேல் புதுநீரை ஊற்றிக் கொதிக்க வைப்போர் பலர். அவ்வாறு செய்தால் நீரிலுள்ள உப்புகள் நாளுக்கு நாள் செறிந்து படியும்.

கொதிக்கும் நீரில் கரைந்துள்ள சுண்ணச் சத்து, வெப்பத்தால் கரையாத சுண்ணமாக மாறி உட்சுவரில் படிகிறது. இது எல்லா ஊரிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புப் பாறைகள் நிறைந்தது. அப்பகுதிக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் சில வாரங்களிலேயே முட்டையோட்டைப் போன்ற வெள்ளைப் படிவு காணப்படும். கருங்கல் மலையிலிருந்து வரும் ஓடைநீரில் அது குறைவு. படிவு தடித்தால் வெப்பம் நீரைச் சேரத் தாமதமாகும், எரிவாயு வீணாகும். இவற்றைவிடப் பெரிய தீங்கு, படிவின் துணுக்குகள் ஆவியோடு சென்று ஊதலின் துளையை அடைப்பது.

அதனை நீக்க விலையுயர்ந்த மருந்து வேண்டியதில்லை. எவர்சில்வர் கேத்தலாயின், காடியும் நீரும் சம அளவு கலந்து கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, அரைமணி நேரம் அப்படியே விட வேண்டும். எலுமிச்சைச் சாறும் உதவும். புளிப்பு சுண்ணத்தைக் கரைத்துக் குமிழி விடுவதை மாணவர்களுக்குக் காட்டலாம். நல்ல அறிவியல் பாடம். பின்னர் இரண்டு மூன்று முறை கழுவி, ஒருமுறை வெறும் நீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட வேண்டும். அலுமினியக் கேத்தலில் காடியை ஊறவைக்கக் கூடாது. சலவைச் சோடாவையும் சேர்க்கக் கூடாது. அதன் உட்புறம் கறுத்திருப்பதைக் கண்டு சிலர் மணல்போட்டுத் தேய்ப்பர். அக்கறுப்பால் தீங்கில்லை, தேய்ப்பதால்தான் உலோகம் தேய்கிறது. எவர்சில்வரைக் குளோரின் கலந்த வெளுப்பு நீரால் கழுவினால் நுண்குழிகள் விழும்.

ஊதலுக்குத் தனிக்கவனம் வேண்டும். கழற்ற முடிந்தால் கழற்றி, காடிநீரில் ஊறவைத்து, தென்னை ஈர்க்கினால் துளைகளைத் துப்புரவு செய்க. ஊசியையோ ஆணியையோ நுழைக்க வேண்டா. துளை சிறிதளவு அகன்றாலும், வடிவம் சிதைந்தாலும், ஊதல் தன் குரலை இழக்கும். மூடியின் விளிம்பில் நசுங்கல் உண்டா, கைப்பிடியின் திருகாணி தளர்ந்துள்ளதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. கேத்தலின் அடி கரிபிடிக்குமானால் குறை கேத்தலில் இல்லை. அடுப்பின் சுடர் மஞ்சளாக எரிகிறதா என்று காண்க. நீலச்சுடர் கரியை விடாது. சுடர் அடிப்பகுதிக்குள் அடங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் ஏறி நக்கினால் கைப்பிடிதான் முதலில் கெடும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் நீர் வற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதற்செயல் அடுப்பை அணைப்பது. அதன்பின் கேத்தலைத் தொடாதீர்கள். தூக்கிக் குழாயடிக்கு ஓடாதீர்கள். தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். 1 லிட்டர் நீர் ஏறத்தாழ 1,700 லிட்டர் ஆவியாக விரியும் இயல்புடையது. காய்ந்த உலோகத்தில் ஒரு குவளை நீரை ஊற்றினாலே ஆவி சீறியெழுந்து முகத்தைச் சுடும். கேத்தலின் அடியும் வளைந்து போகும். சன்னலைத் திறந்துவிட்டுத் தானே ஆற விடுக.

அந்தப் பாட்டி வீட்டில் சனிக்கிழமைதோறும் ஈர்க்கு எடுத்து ஊதலைத் துப்புரவு செய்வது பேத்தியின் வேலையாக இருக்கிறது. நம் ஆசிரியர் அறைக்கு வந்து சேர்ந்த கீச்சுக் கேத்தலை நம் பள்ளிப் பணியாளரான அக்கா பார்த்துக்கொள்கிறார். அவர் சென்ற வாரம் என்னிடம் ஒரு முறையீடு கொண்டுவந்தார்.

“சார், இது கூவினா ரெண்டாம் ஆண்டு வகுப்பு வரைக்கும் கேக்குது. புள்ளைங்க எல்லாம் ஓய்வு நேரம்னு எழுந்து நின்னுடுதுங்க.”

காலை 10 மணிக்கு மேல்தான் அதனை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.